வாசல் இல்லாத படகு

எர்னானுக்குப் பசித்தது. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை, அவனுக்கு எந்நேரமும் பசிக்கும். அயர்லாந்தின் மேற்குக் கரையில் அந்த மடத்தில் சேர்ந்த அன்றைக்கே, கோயில் எந்தப் பக்கம் என்று கேட்பதற்கு முன்னால் அடுப்படி எந்தப் பக்கம் என்று கேட்டவன் அவன். அதிசயம் என்னவென்றால், இன்று மாலை அப்பம் கைக்கு வரும்போது அதைச் சாப்பிடாமல் இருந்துவிடலாம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தது. நினைத்துக்கொண்டுதான் இருந்தான், முடிவு பண்ணவில்லை. மரக்குவளையால் படகின் அடியில் தேங்கிய தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினான். மொண்டு, ஊற்றி, மறுபடி மொண்டு. ஊற்றிய தண்ணீர் எந்தத் தையல் வழியாகவோ திரும்ப உள்ளே வந்து கணுக்காலைத் தொட்டது, எதையோ மறந்துவைத்துவிட்டுத் திரும்பி வருகிற விருந்தாளி மாதிரி. மாட்டுத்தோல்களைச் சேர்த்துத் தைத்து, மரச்சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டி, ஆட்டுக்கொழுப்பைப் பூசிச் செய்த படகு. வெயில் ஏறினால் அந்தக் கொழுப்பு வாசனை கிளம்பும், அதற்குக்கூட எர்னானின் வாயில் எச்சில் ஊறும். வெட்கக்கேடு. விட்டா இவன் படகையே தின்னுடுவான் என்று மூத்த துறவி பேவான் ஒருநாள் சொல்லப்போக எல்லாரும் சிரித்தார்கள், மடத்தலைவர் லஸ்ரேன்கூடச் சிரித்தார். அது பேவானுக்குக் கிண்டல் பண்ண மூச்சு இருந்த காலம். இப்போது பிற்பகல் செபம் முடிந்திருந்தது. மாலைச் செபம் வரைக்கும் யாரும் வாய் திறக்கக் கூடாது, மடத்து ஒழுங்கு, கடலில் வந்தாலும் ஒழுங்கு ஒழுங்குதான். படகு நிறையத் துறவிகள் இருந்தும், சத்தமென்று இருந்தது தண்ணீர் தோலில் தட்டுவதும் பேவானின் மூச்சும்தான். எர்னானின் காலடியில், கொழுப்புப் பானையை ஒட்டி, கம்பளிக்குள் அவர் படுத்திருந்தார். மூச்சு உள்ளே போகும்போது ஒரு சத்தம், வெளியே வரும்போது வேறொரு சத்தம். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி. இடைவெளி நீண்டால் எர்னானின் கை குவளையோடு அப்படியே நின்றுவிடும், சத்தம் வந்த பிறகுதான் மறுபடி அசையும்.

இடது பக்கம் தீவு இருந்தது. பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பார்த்தான். காலையில் மூடுபனி விலகியபோது அது அங்கே இருந்தது, அவ்வளவுதான், யாரோ கொண்டுவந்து வைத்தது போல. ஒரு பச்சைச் சரிவு, கறுப்பாகக் கொஞ்சம் பாறை, உச்சிக்குக் கீழே நூலளவு புகை. புகை என்றால் ஆள், ஆள் என்றால் அடுப்பு, அடுப்பு என்றால்... பார், மறுபடி அங்கேதான் போகிறது புத்தி. காற்று சுத்தமாக நின்றுபோய்ப் பாய் துவண்டு தொங்கியது. நீரோட்டம் மட்டும் படகைத் தீவுக்குப் பக்கவாட்டில், அவசரமே இல்லாமல், நகர்த்திக்கொண்டு போனது. இப்படியே விட்டால் இருட்டுவதற்குள் தீவு பின்னால் போய்விடும், நாளைக் காலையில் இருக்காது. நாலு பேர் உட்கார்ந்து துடுப்புப் போட்டால் போதும். துடுப்புகள் எங்கோ இல்லை, எர்னானின் முழங்கையில் இடிக்கிற தூரத்தில், படகின் விளிம்போடு சேர்த்துத் தோல்வாரால் கட்டிக் கிடந்தன. ஊரின் கடைசி முனையைத் தாண்டிய அன்று லஸ்ரேன் தன் கையால் போட்ட முடிச்சு. "இதுவரைக்கும் நாம ஓட்டினோம், இனிமே அவர் ஓட்டட்டும்" என்று வானத்தைக் காட்டிச் சொல்லிவிட்டு, கடவுள் கொண்டுபோய்ச் சேர்க்காத எந்தக் கரையிலும் கால் வைப்பதில்லை என்று சபதமும் எடுத்துக்கொண்டார். புனிதர்கள் கடலுக்குப் போகிற முறை அது. மேற்கே எங்கோ, இரவே இல்லாத ஒரு நாடு அடியார்களுக்கென்று ஒதுக்கிவைக்கப்பட்டிருக்கிறது, வழி தேடுகிறவனுக்கு அது கிடைக்காது, வழியை விட்டுக்கொடுத்தவனுக்குத்தான் கிடைக்கும். அன்றைக்கு அதைக் கேட்டபோது எர்னானுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கரையில் நின்ற ஜனங்கள் அழுதார்கள். வயிறு நிறையக் கஞ்சி குடித்துவிட்டுப் புறப்பட்டிருந்தான், அந்த நிறைவில் எதுவும் நல்லதாகத்தான் பட்டது.

அதிசயங்களும் நடக்காமல் இல்லை. பின்னால் ஒரு நாள் இதையெல்லாம் மடத்தில் உட்கார்ந்து சொல்லப்போகிறவர்கள் வாந்தியை விட்டுவிட்டு அதிசயங்களை மட்டும் சொல்வார்கள், அது நிச்சயம். வெள்ளையாக ஒரு மலை தண்ணீரில் மிதந்து வந்தது, உள்ளே நீல வெளிச்சம், எல்லாரும் மண்டியிட்டுப் பாடினார்கள், பக்கத்தில் போனபோது அது பனிக்கட்டி, குளிரில் எர்னானின் காது ஒரு வாரம் வலித்தது. நிலம் கொதிக்கிற ஒரு தீவு வந்தது, அழுகின முட்டை நாற்றம், அதுதான் நரகத்தின் பின்கட்டு என்று கொல்கு சத்தியம் பண்ணினான். கொல்கு படகின் சாமான்களுக்குப் பொறுப்பு, எதையும் சத்தியம் பண்ணாமல் சொல்ல அவனுக்கு வராது. பிறகு அந்தக் கடல்நாய். செபம் ஆரம்பித்தால் தண்ணீரிலிருந்து வழுக்கைத் தலையை நீட்டும், முடிந்தால் மறையும். நம்ம மடத்துக்குப் புதுசாச் சேர வந்திருக்கான், இவனுக்கும் மொட்டை போட்டாச்சு என்று பேவான் சொன்னார். எல்லாப் பேச்சும் பேவானிடம்தான் போய் முடிகிறது. எர்னான் மடத்துக்கு வந்தபோது படுக்கப் பக்கத்து இடம் கொடுத்தவர் அவர், அவன் மனசிலிருப்பதைக் கொட்டுகிற ஆளும் அவர்தான். மடத்தில் எல்லாருக்கும் அப்படி ஒருவர் உண்டு, ஆன்மத் தோழன் என்பார்கள், பாவத்தையும் பயத்தையும் அவரிடம் சொல்ல வேண்டும். எர்னானின் பாவங்கள் பெரும்பாலும் தயிரும் வெண்ணெயும் சம்பந்தப்பட்டவை. "வேற ஏதாவது நல்ல பாவமாப் பண்ணேன்டா, கேக்கவே சப்புன்னு இருக்கு" என்பார் பேவான். அவர் இருமியதில் ரத்தம் வந்த அன்று கம்பளியால் துடைத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிலும் பார்த்தார். படகில் எங்கே மறைக்க? எல்லாரும் பார்த்தார்கள். லஸ்ரேனும் பார்த்தார். பார்த்துவிட்டுத் துடுப்பின் மேலிருந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தார், இறுக்கமாக இருக்கிறதா என்று. அதைத்தான் எர்னானால் ஜீரணிக்க முடியவில்லை.

இன்று பிற்பகல் செபத்துக்கு முன்னால், பேச்சு நிற்பதற்கு முன்னால், பேவான் கண்ணைத் திறந்து, "புல்லு வாசம் வருது தம்பி" என்றார். அவ்வளவுதான். என்னைக் கரைக்குக் கொண்டுபோ என்று சொல்லவில்லை. சொல்ல மாட்டார். தலையை இடது பக்கம் திருப்பினார், எர்னானின் மணிக்கட்டைப் பிடித்தார், பிடித்த பிடி இன்னும் அங்கே இருப்பது போலத்தான் இருந்தது. எர்னான் மூக்கை உறிஞ்சிப் பார்த்தான், கொழுப்பும் உப்பும்தான் வந்தன, புல் வரவில்லை. சாகிறவனுக்குத்தான் வருமோ? இல்லை, சாகிறவன் என்று சொல்லாதே. ஒவ்வொரு துறவிக்கும் ஒரு மண் உண்டு, அதை எர்னான் மடத்தில்தான் கேட்டான். கடைசி நாளில் எக்காளம் ஊதும்போது அவன் எந்த மண்ணிலிருந்து எழ வேண்டுமோ அந்த மண், கடவுள் அவனுக்கென்று அளந்துவைத்தது. அது பிறந்த ஊராக இருக்காது, சேர்ந்த மடமாகவும் இருக்காது, தேடிப் போக வேண்டும், போய்ச் சேர்ந்தால் தெரியும், இதுதான் என்று கால் சொல்லும். பேவான் வாலிபத்திலிருந்து தேடியிருக்கிறார். ஒவ்வொரு தீவிலும் இறங்கியதும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் நடந்து பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், "என் மண்ணு இதில்லடா" என்று திரும்பி ஏறுவார், சந்தையில் மாடு பார்க்க வந்தவர் மாதிரி. அப்படிப்பட்டவருக்குக் கடலா? ஃபியாக்குக்கு அப்படித்தான் ஆனது. கிழவர் ஃபியாக் ஒரு விடியலில் எழுந்திருக்கவில்லை, அவ்வளவு சுலபமாகப் போய்விட்டார், உதிரித்தோலில் வைத்துத் தைத்தார்கள், காலடியில் கல் கட்டினார்கள், வேதத்துச் சங்கீதம் பாடி இறக்கினார்கள். கல் சரியாகக் கட்டப்படவில்லை, நழுவிவிட்டது. தோலுக்குள் காற்று தங்கிவிட்டதோ என்னவோ, ஃபியாக் மூழ்கவில்லை. பாட்டு முடிந்தும் மூழ்கவில்லை. கால் மட்டும் மேலே நீட்டிக்கொண்டு படகுக்குப் பின்னால் வந்தார், தன்னை விட்டுவிட்டுப் போகிறார்களே என்று வருகிறவர் போல. யாரும் யாரையும் பார்க்கவில்லை. கொல்கு இன்னொரு சங்கீதத்தை ஆரம்பித்தான், இன்னும் சத்தமாக. ஒரு அலை வந்து போன பிறகு அவர் இல்லை. அன்றிலிருந்து எர்னான் படகின் பின்பக்கம் உட்காருவதில்லை. கடைசி நாளில் ஃபியாக் எங்கிருந்து எழுவார்? தண்ணீருக்கு ஏது இடம்? இன்றைக்கு இங்கே இருக்கிற தண்ணீர் நாளைக்கு எங்கேயோ. அப்படியானால் தேவதூதன் அவரை எங்கே என்று போய்த் தேடுவான்? குவளை கையில் நின்றிருந்தது. பேவானின் மூச்சு. வந்தது. மொண்டு ஊற்றினான்.

அம்மாதான் செய்தாள் அதை, சாப்பிடாமல் இருந்து நியாயம் கேட்பதை. ஊரை ஆண்ட பெரியவன் ஆட்கள் வந்து கொட்டிலிலிருந்த கறவைப் பசுவை ஓட்டிக்கொண்டு போனார்கள், அப்பா செத்த வருஷம், கேட்க ஆள் இல்லை என்ற தைரியம். அம்மா சண்டை போடவில்லை, சாபம் விடவில்லை. தலையை வாரிக் கட்டிக்கொண்டு போய் அவன் வாசலில், கதவுக்கு நேராக, உட்கார்ந்தாள். பட்டினி. நாட்டு வழக்கம் அது, மன்னன் வாசலானாலும் செல்லும்: உன்னைவிடப் பெரியவன் உனக்கு அநியாயம் பண்ணினால் அவன் வாசலில் பட்டினி உட்காரலாம். உட்கார்ந்துவிட்டால் உள்ளே இருக்கிறவன் சாப்பிடக் கூடாது. வெளியே வந்து நியாயம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவனும் பட்டினி கிடக்க வேண்டும். வாசலில் ஒருத்தியைப் பட்டினி போட்டுவிட்டு உள்ளே தின்றவனை அதற்கப்புறம் ஒருவனும் மனுஷனாக மதிக்க மாட்டான். எர்னான் அப்போது வளர்ந்த பையன், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தான். அவனுக்கு நினைவிருப்பது அம்மாவின் முகமல்ல. கதவுக்குப் பின்னால் பன்றிக்கறி வெந்த வாசனை, அது வெந்து, தீய்ந்து, யாரும் எடுக்காமல் கருகிய வாசனை. பெரியவன் வாய் வைக்கவில்லை. மறுநாள் பசு வந்தது. அந்தக் கறியை நினைத்துத்தான் தனக்கு அன்றைக்கு அழுகை வந்தது என்பதைப் பேவானிடம் ஒருமுறை சொன்னான், அவர் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிப்போனார். சரி, ஆனால் மடத்தலைவர் முன்னால் பட்டினி உட்காரலாமா? கீழ்ப்படிவேன் என்று அவர் கைக்குள் கை வைத்துச் சத்தியம் பண்ணியவன் நீ. தகப்பன் வாசலில் மகன் உட்கார்வானா? அதுவும் இந்தப் படகில் வாசல் எங்கே இருக்கிறது, கதவு எங்கே இருக்கிறது? எல்லாருமே பாதிப் பட்டினி. ஆளுக்கு ஒரு துண்டு வாற்கோதுமை அப்பம், காய்ந்தது, நனைத்துத்தான் கடிக்க வேண்டும். இதில் ஒருவன் சாப்பிடாமல் இருந்தால் அது நோன்பா, வழக்கா, வயிற்றுக்கோளாறா என்று யார் கண்டார்கள்? அம்மாவுக்கு வசதி. அவளுக்கு ஒரு கதவு இருந்தது.

தீவு நகர்ந்திருந்தது. புகை இப்போது பாய்க்குப் பின்னால். இன்னும் கொஞ்ச நேரம்தான். சூரியன் தண்ணீரைத் தொடப்போகிறது. சத்தியமாகச் சொல், யாருக்காக இது? பேவான் புல் வாசனை என்றுதானே சொன்னார், கரை வேண்டும் என்றா சொன்னார்? மணிக்கட்டைப் பிடித்தது வலியிலாக இருக்கலாம். கரை வேண்டியது உனக்கு. ஃபியாக்கின் கால்களைப் பார்த்ததிலிருந்து தூங்காதவன் நீ. அந்தக் கால்களுக்குப் பதில் உன் கால்களை வைத்துப் பார்க்கிறவன் நீ. பேவானைச் சாக்கு வைத்துக்கொண்டு நீ இறங்கப் பார்க்கிறாய், இறங்கி ஏதாவது சுடச்சுடத் தின்னப் பார்க்கிறாய். அப்படியும் இருக்கலாம். எர்னான் அதை மறுக்கவில்லை, அவன் தன்னை ரொம்ப நல்லவன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் பயப்படுகிறவன் கேட்டால் அது நியாயம் இல்லாமல் போய்விடுமா? அம்மாவும் பசுவுக்காக மட்டுமா உட்கார்ந்தாள், கோபத்திலும்தான் உட்கார்ந்தாள். பசு பசுதானே. குனிந்தான். பேவானின் கண் திறந்திருந்தது. பேசக் கூடாத நேரம். எர்னான் புருவத்தைத் தூக்கிக் கேட்டான், தீவைக் கண்ணால் காட்டினான், வேணுமா அண்ணே? கம்பளிக்குள்ளிருந்து ஒரு பாதம் வெளியே வந்தது, செருப்பில்லாமல், வெளுத்து, நரம்பு நரம்பாக. அது படகின் ஈரத்தோலைத் தடவிப் பார்த்தது, தரையைத் தேடுவது போல. எர்னான் முகத்தைத் திருப்பிக்கொண்டான், இல்லாவிட்டால் அமைதி நேரத்தில் சத்தம் போட்டு அழுதிருப்பான்.

மாலைச் செபம் பாடினார்கள். வார்த்தைகள் தானாக வந்தன, வாய் பாடியது, மனசு துடுப்பைக் கட்டிய வாரில் கிடந்தது. உப்பில் ஊறிக் காய்ந்து அந்த வார் மரம் மாதிரி ஆகியிருந்தது. பாட்டு முடிந்தது. பேசலாம். ஆனால் எல்லார் கண்ணும் கொல்குவின் தோல்பைமேல். கொல்கு அப்பத்தை எடுத்து ஒவ்வொருவர் கையிலும் வைத்துக்கொண்டு வந்தான். எர்னான் கையில் வைத்தான். அப்பம் கனமாக இருந்தது, கரகரப்பாக, ஓரத்தில் கொஞ்சம் கருகி, அவனுக்குப் பிடித்த மாதிரி. வேண்டாம் என்று கை சொல்லவில்லை. வாய் முழுக்கத் தண்ணீர். எவ்வளவோ நாள், எவ்வளவோ அப்பம், இந்த நேரத்தில் அவன் அப்பத்தைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. கண்ணை எடுத்தால் யாராவது பிடுங்கிவிடுவார்கள் என்பது போல முடிகிற வரைக்கும் அதையே பார்த்துத் தின்கிறவன். இன்று தின்னக் கூடாது என்பதால் கண்ணுக்கு வேலை இல்லாமல் போனது. கண் தலைவரிடம் போனது. லஸ்ரேன் தன் துண்டை வாங்கினார், ஆசீர்வதித்தார், எல்லாரும் குனிகிற வரை பொறுத்தார். பிறகு அதைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு விரலால் கரைத்தார். முன்னால் சாய்ந்து, பேவானின் தலையைத் தூக்கி, அவர் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். முழுவதையும். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் செய்த லாகவத்தைப் பார்த்தால் இது இன்றைக்குப் புதிதாகச் செய்கிற வேலை இல்லை. எர்னான் அப்போதுதான் அவர் கன்னத்தைப் பார்த்தான், கழுத்தைப் பார்த்தான், அங்கி தோளில் தொங்குவதைப் பார்த்தான். ஒரே படகில், முட்டி இடிக்கிற தூரத்தில், எத்தனை நாளாக இந்த மனிதர் சாப்பிடவில்லை?

அவனுக்கு வந்தது கோபம்தான். இவ்வளவு இரக்கம் இருக்கிறவர் அந்த முடிச்சை ஏன் அவிழ்க்கவில்லை? கோபம் வந்ததும் கால் எழுந்துவிட்டது, யோசனைக்குக் காத்திருக்கவில்லை. பேவானைச் சுற்றிக்கொண்டு போய் லஸ்ரேனுக்கு நேர் எதிரில், படகின் அடியில், தண்ணீரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அப்பத்தைத் தனக்கும் அவருக்கும் நடுவில் பலகைமேல் வைத்தான். ஒரு வார்த்தை சொல்லத் தேவைப்படவில்லை. அங்கிருந்த ஒவ்வொருவனும் எந்த ஊர்ப் பெரியவன் வாசலிலாவது இப்படி ஒருவர் உட்கார்ந்ததைப் பார்த்து வளர்ந்தவன். மெல்லுகிற சத்தமெல்லாம் நின்றது.

"எழுந்திருடா" என்றான் கொல்கு. "தந்தை முன்னாடியா? சத்தியமாச் சொல்றேன், இந்த மாதிரி அக்கிரமத்த நான் கேள்விப்பட்டதே இல்ல."

"விடு கொல்கு" என்றார் லஸ்ரேன். "வழக்கப்படிதான் உக்காந்திருக்கான்." பிறகு எர்னானைப் பார்த்தார். "என்ன கேக்குற?"

"அந்தக் கரை, தந்தையே." தீவைக் காட்டினான். "பேவான் அண்ணனுக்கு. எனக்கும்தான், எனக்கும் பயமா இருக்கு. ஆனா அவருக்கு."

லஸ்ரேன் பலகைமேல் இருந்த அப்பத்தைப் பார்த்தார். "நானும் அதத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார்.

"யாருகிட்ட?"

அவர் மோவாயை லேசாக மேலே தூக்கினார், மேற்கே, சூரியன் இறங்கிக்கொண்டிருந்த பக்கம். "பேவான் ரத்தம் துப்பின அன்னிலேருந்து கடவுள் வாசல்ல பட்டினி உக்காந்திருக்கேன். நான் துடுப்பத் தொட மாட்டேன்னு வாக்குக் குடுத்தவன், வேற எப்படிக் கேக்கறது? ஒரு கரை குடு, இந்த ஒருத்தனுக்காவது குடுன்னு கேட்டேன். காலைல கரையக் காட்டிட்டாரு. காத்துதான் வரும் வரும்னு பாக்கறேன்."

எதிராளி என்று நினைத்து ஒருவர் முன்னால் உட்கார்ந்தால், அவர் தனக்கு முன்னாலேயே வரிசையில் நின்றுகொண்டிருக்கிறார். எழுந்து போய்விடலாமா? எழுந்தால் தீவு போய்விடும். உட்கார்ந்தே இருந்தால் இந்த மனிதரை என்ன பண்ணச் சொல்கிறாய்? அம்மா, உனக்கு ஒரு கதவோடு முடிந்தது, இங்கே கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவு. அவன் அசையாமல் இருந்தான். தைரியத்தில் இல்லை, கால் மரத்துவிட்டது. நீரோட்டம் படகின் அடியில் ஓடுவது பின்பக்கத்துக்குத் தெரிந்தது. லஸ்ரேன் தீவைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், பாய் தொங்கியது. அவர் முகத்தில் யாரிடமோ ஒரு பதிலைக் கேட்டுக் காத்துப் பழகிப்போன பொறுமை இருந்தது, அது கொஞ்சம் கொஞ்சமாக வேறொன்றாக மாறுவதை எர்னான் பார்த்தான், பார்த்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"உன் பட்டினிய நான் கண்டுக்காம விட்டுட்டு," என்றார், ரொம்ப மெதுவாக, தனக்கே சொல்வது போல, "என் பட்டினியக் கண்டுக்கோன்னு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அவர்கிட்ட கேப்பேன்?"

குனிந்து முடிச்சில் விரல் வைத்தார். அது அசையவில்லை. நகத்தால் நெம்பினார், பல்லால் கடித்தார். கொல்கு, "தந்தையே, வேணாம், உங்க சபதம்" என்று அழ ஆரம்பித்தான். எர்னான் உதவிக்குக் கையை நீட்டியபோது லஸ்ரேன் தட்டிவிட்டார். "நான் போட்டது" என்றார். கொல்குவிடம் கத்தியை வாங்கி வாரை அறுத்தார். அறுபட்ட சத்தம் சின்னதுதான், எல்லாருக்கும் கேட்டது.

துடுப்புப் போட்டார்கள். மறந்துபோன கைகள், ஒன்றுக்கொன்று இடித்துக்கொண்டு, திட்டிக்கொண்டு, பிறகு சேர்ந்து. எர்னான் இழுத்தான். இழுக்க இழுக்கத் தீவு பெரிதாகியது, பாறைக்கு நடுவில் கூழாங்கல் நிறைந்த ஒரு சின்ன வளைவு தெரிந்தது. சந்தோஷத்தை வெளியே காட்ட இடமில்லாமல் இன்னும் பலமாக இழுத்தான். அப்பத்தை அங்கிக்குள் சொருகியிருந்தான், ஒவ்வொரு இழுப்புக்கும் அது நெஞ்சில் உறுத்தியது. கரைக்குக் கொஞ்சம் முன்னாலேயே குதித்தார்கள், தோல் கல்லில் கிழியக் கூடாது. எர்னானும் கொல்குவும் பேவானைக் கம்பளியோடு தூக்கிப் போனார்கள், எலும்புக் கூடை மாதிரி லேசாக இருந்தார், கல்லைத் தாண்டிப் புல்லில் இறக்கினார்கள். பேவான் இரண்டு பாதத்தையும் கம்பளிக்கு வெளியே நீட்டிக் குதிகாலைப் புல்லில் அழுத்தினார். எர்னான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் உதட்டையே பார்த்தான், பிதுக்குவாரோ என்று. பிதுக்கவில்லை. "ஈரமா இருக்குடா" என்றார். அப்புறம், "இது போதும்" என்றார். கண்ணை மூடிக்கொண்டார், மூச்சு போனது, வந்தது, போனது. புகை இருந்த பக்கத்திலிருந்து யாரோ விளக்கோடு இறங்கி வருவது தெரிந்தது. எர்னான் பேவானின் பாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தலைவர் எங்கே என்று அப்போதுதான் உறைத்தது.

லஸ்ரேன் இறங்கவில்லை. படகு ஆழமில்லாத தண்ணீரில் மிதந்தது, ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான், அவர் தன் பலகையிலேயே மேற்கைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எர்னான் முழங்கால் தண்ணீரில் அவரிடம் போனான்.

"இறங்குங்க தந்தையே."

"இது நீங்க ஓட்டி வந்த கரை. அவர் என்னக் கொண்டாந்து விடல."

"அதுக்காக? இருட்டப்போவுது. மேல விளக்கு வருது பாருங்க. ஏதாவது சூடா..."

"என் வழக்கு இன்னும் முடியலடா." சாதாரணமாகத்தான் சொன்னார், மழை இன்னும் விடவில்லை என்று சொல்கிற மாதிரி. "மண்ணுல படுத்துட்டானா?"

"படுத்துட்டார். இது போதும்னார்."

லஸ்ரேன் தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டினார். கண் கலங்கியிருந்தது. "சரி. நீ ஏன் இன்னும் சாப்பிடல?"

எர்னான் நெஞ்சில் கை வைத்தான். அப்பம் கடல்தண்ணீரில் ஊறியிருந்தது. வெளியே எடுத்துப் பாதியாகப் பிய்த்து நீட்டினான். கை நீட்டியது நீட்டியபடி இருந்தது, அவர் வாங்கவில்லை.

"கேட்டது கெடச்சப்புறமும் பட்டினி கெடந்தா அது வழக்கில்ல, வீம்பு. குடுத்தவன அவமானப்படுத்தறது. சாப்பிடு. என் முன்னாடி சாப்பிடணும், அதான் முறை."

"உங்களுக்கு முன்னாடி எப்படி..."

"சாப்பிடுடா. நான் ஒருத்தனுக்காவது கதவத் தெறந்தேன்னு பாத்துக்கறேன்."

எர்னான் ஒரு வாய் வைத்தான். ஒரு பாதியைத் தின்றான், மறு பாதியையும் தின்றான். தண்ணீரில் நின்றுகொண்டு, படகின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தின்றான். லஸ்ரேன் ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார், பிள்ளை தட்டைக் காலி பண்ணுகிறதா என்று பார்க்கிறவளைப் போல. தொண்டையில் இறங்காது என்று நினைத்தான், இறங்கியது. உப்பு சேர்ந்திருந்தது, கருகிய ஓரம் மட்டும் இன்னும் மொறுமொறுப்பாக இருந்தது, நாளெல்லாம் காய்ந்த வயிறு அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது.

"நல்லாருக்கா?" என்று கேட்டார்.

"நல்லாருக்கு, தந்தையே."

உபசாரத்துக்குச் சொன்ன வார்த்தை இல்லை. நிஜமாகவே நன்றாக இருந்தது. அதற்குத்தான் அவனுக்கு அழுகை வந்தது.